மேல்மலை வரலாறு 14: பிழைத்தவர்கள் சொல்லும் பாடம்

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் கடந்து, பஸ் கடைசியாக நின்று திரும்புகிற ஊர் கிளாவரை. பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைகிற இந்த ஊரிலிருந்து கேரள எல்லை கூப்பிடு தூரம்தான். ஆனால் மூணாறுக்கு பஸ்ஸில் போகவேண்டுமென்றால் மலையிறங்கிச் சுற்றித்தான் போயாக வேண்டும். சென்ற இதழில், பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷனுக்குப் போகும் பழைய சாலையைப் பற்றிப் பார்த்தோம். ஜப்பான் படை சென்னைக் கரையில் இறங்கிவிட்டால், வெள்ளைக்காரக் குடும்பங்கள் கொடைக்கானலிலிருந்து மூணாறு போய், அங்கிருந்து கொச்சியில் கப்பலேறித் தப்பிப்பதற்காகச் செப்பனிடப்பட்ட சாலை அது. இன்றும் அதற்கு 'எஸ்கேப் ரோடு' என்றுதான் பெயர். 1942 ஏப்ரல் 6 அன்று ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. சென்னை நகரத்து மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர்களுக்கு ஓடினார்கள். படை மட்டும் வரவே இல்லை. அந்தச் சாலை வழியே யாரும் தப்பியோட வேண்டிய தேவையும் வரவில்லை.

தப்பியோட வழியே இல்லாதவர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள். அதே ஆண்டு ஜனவரி 20 அன்று, பெர்லினின் வான்சே ஏரிக்கரையில் உள்ள ஒரு மாளிகையில் நாஜி அரசின் உயர் அதிகாரிகள் 15 பேர் கூடினார்கள். கூட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. அந்தக் கூட்டத்தின் அறிக்கையில் ஒரு பட்டியல் இருந்தது: ஐரோப்பாவில் எந்தெந்த நாட்டில் எத்தனை யூதர்கள் என்ற கணக்கு. மொத்தம் 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேல். அல்பேனியாவில் 200 பேர் என்பதுகூட விடுபடவில்லை. போர் முடிந்தபோது அவர்களில் சுமார் 60 லட்சம் பேர் கொல்லப்பட்டிருந்தார்கள்.

நம் மலைப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப்போர் பாடத்தோடு இதையும் சில வரிகளில் படிக்கிறார்கள். 60 லட்சம் என்ற எண் ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடையாக மனத்தில் தங்குகிறது. தேர்வு முடிந்ததும் போய்விடுகிறது. இனப்படுகொலையைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்வியை உலகம் 80 ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. கிடைத்த விடைகளில் உருப்படியானது ஒன்றுதான்: பிழைத்து வந்தவர்களைப் பேசவிடுவது. இந்த மலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதே இந்த இதழின் பொருள்.

முதல் தொடர்பு வானொலி. கொடைக்கானல் பண்பலை 100.5 மெகா ஹெர்ட்ஸில் தென் மாவட்டங்கள் பலவற்றுக்கும் எட்டுகிறது. மேல்மலைத் தோட்டங்களில் களையெடுப்பே அதைக் கேட்டபடிதான் நடக்கும். ஆகாசவாணி நிலையங்கள் காலையில் விழித்தெழும்போது ஒலிக்கும் அந்தத் தொடக்க இசையை அமைத்தவர் வால்டர் காஃப்மன் என்ற யூதர். 1907இல் போஹேமியாவில், கார்ல்ஸ்பாட் நகரத்தில் பிறந்தவர். பிராகா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதியிருந்தார். தன் வழிகாட்டிப் பேராசிரியர் நாஜி இளைஞர் அமைப்பில் பொறுப்பு வகிக்கிறார் என்று தெரிந்ததும், அந்தப் பட்டமே வேண்டாம் என்று விட்டார். 1934இல் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். 1936இல் அந்த மெட்டு பிறந்தது. நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கேட்டுவரும் இசை ஓர் அகதி கொடுத்தது என்பதை மேல்மலையில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

இரண்டாவது தொடர்பு கொச்சி. கிளாவரைக்கு மேற்கே மலையிறங்கிக் கடற்கரை வரை போனால் பழைய கொச்சி ராஜ்ஜியம். அங்கே அரண்மனைக்குப் பக்கத்திலேயே 1568இல் கட்டிய யூதக் கோயில் இன்றும் இருக்கிறது. 1662இல் போர்ச்சுகீசியர் அதைத் தாக்கினார்கள்.  அந்த யூத வெறுப்பு கப்பலேறி வந்தது. ஐரோப்பாவில் அதற்கு நீண்ட வேர் உண்டு. 1290இல் இங்கிலாந்திலிருந்தும் 1492இல் ஸ்பெயினிலிருந்தும் யூதர்களை மொத்தமாக விரட்டினார்கள். கொள்ளை நோய் வந்தால் கிணற்றில் நஞ்சு கலந்தவர்கள் என்றார்கள். பணமுடை வந்தால் வட்டிக்காரர்கள் என்றார்கள். உலகத்தையே ஆளச் சதி செய்கிறார்கள் என்று 1903இல் ரஷ்யாவில் ஒரு பொய் ஆவணத்தை அச்சிட்டுப் பரப்பினார்கள். ஹிட்லர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கிடந்த விறகுக்குத் தீ வைத்தார்.

ஒரு யூதரைக்கூடப் பார்த்திராத தமிழ்ப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் நம் டீக்கடைகளில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கட்டும். 'ஹிட்லர் மாதிரி ஒருத்தர் வந்தாத்தான் இந்த நாடு உருப்படும்' என்ற பேச்சு காதில் விழாமல் போகாது. ஹிட்லரின் தன்வரலாறு தமிழில் தாராளமாக விற்கிறது. செண்பகராமன் பிள்ளை ஹிட்லரையே மன்னிப்புக் கேட்க வைத்தார் என்ற கதையைப் பெருமையோடு சொல்கிறோம். ஹிட்லர் பதவிக்கு வந்த மறு ஆண்டே, 1934இல், பிள்ளை பெர்லினில் இறந்துபோனதைச் சொல்வதில்லை. இந்தியா வேறு எவர் கையிலும் இருப்பதைவிட ஆங்கிலேயர் கையில் இருப்பதே மேல் என்று அந்தத் தன்வரலாற்றிலேயே ஹிட்லர் எழுதியிருப்பதும் பலருக்குத் தெரியாது. பாதிக்கப்பட்டவர் குரலைக் கேட்டிராத ஊரில் கொடுங்கோலன் வீரனாகிவிடுவான்.

அந்தக் குரல்களை முதலில் தேடிப் போனவர்களில் ஒருவர் டேவிட் போடர். லாட்வியாவில் பிறந்து அமெரிக்காவில் உளவியல் கற்பித்த யூதர். 1946 கோடையில், கம்பிச் சுருளில் ஒலியைப் பதியும் கனமான கருவி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி என்று அகதி முகாம் முகாமாக அலைந்தார். ஏறத்தாழ 130 பேரை அவரவர் மொழியில் பேச வைத்தார், பாடச் சொன்னார். போர் தொடங்கியபோது எங்கே இருந்தீர்கள், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. கேட்டு எழுதியும் வைத்தார். உலகம் அப்போது காது கொடுக்கவில்லை. 1961இல் ஜெருசலேமில் நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மன் மீது வழக்கு நடந்தபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் கூண்டேறிச் சாட்சி சொன்னார்கள். அன்றுதான் வானொலி வழியே, தொலைக்காட்சி வழியே பிழைத்தவர்களின் குரல் வீடுகளுக்குள் நுழைந்தது. 1979இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில் வீடியோப் பதிவு தொடங்கியது. அது யேல் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகமாக வளர்ந்தது. 1994இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தொடங்கிய ஷோவா அறக்கட்டளையிடம் இன்று 50,000க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் இருக்கின்றன.

இந்த வாக்குமூலங்கள் வகுப்பறைக்குக் கொடுப்பது என்ன? அதிர்ச்சியை மட்டும் என்று நினைத்தால் தவறு. பிணக்குவியல் படம் ஒன்றைக் காட்டினால் பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளும். பாடம் அங்கேயே நின்றுவிடும். பிழைத்தவர் பேசும்போது முகாமிலிருந்து தொடங்குவதில்லை. அம்மா சமைத்ததிலிருந்து, பள்ளிக்கூடத்திலிருந்து, பக்கத்து வீட்டு நண்பனிலிருந்து தொடங்குகிறார். பிறகு ஒவ்வொன்றாக அறுபடுகிறது. 1933 ஏப்ரலில் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் யூதப் பிள்ளைகளுக்கு உச்சவரம்பு வருகிறது. 1935 செப்டம்பரில் நியூரம்பெர்க் சட்டம் வந்து குடியுரிமை போகிறது. 1938 அக்டோபரில் பாஸ்போர்ட்டில் சிவப்பாக ஓர் எழுத்து விழுகிறது. நவம்பரில் யூதக் கோயில்கள் எரிகின்றன. அடுத்த சில நாளில் ஜெர்மன் பள்ளிகளிலிருந்து யூதப் பிள்ளைகள் அத்தனை பேரும் வெளியே. இத்தனைக்கும் அப்போது போர் தொடங்கவில்லை, விஷவாயு அறை கட்டப்படவில்லை. கொலை என்பது கடைசிப் படி. அதற்கு முந்தைய படிகள் எல்லாம் சட்டப்படி, முத்திரை குத்தி, பட்டப்பகலில் நடந்தவை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். வகுப்பில் ஒருவனைத் தனியாக உட்கார வைப்பது என்றால் என்ன என்று அதற்குத் தெரியும்.

வாக்குமூலத்தை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. யேல் பதிவுகளில் ஒரு பெண், 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸ் வதைமுகாம் கைதிகள் கிளர்ந்தெழுந்த நாளைப் பற்றிச் சொல்கிறார்: நான்கு புகைபோக்கிகள் வெடித்துத் தீப்பிடித்ததைக் கண்டதாக. உண்மையில் தகர்ந்தது ஒன்றுதான். எண்ணிக்கை தவறு, ஆகவே சாட்சியம் செல்லாது என்றார்கள் வரலாற்றாளர்கள் சிலர். பதிவு செய்தவர்களில் ஒருவரான டோரி லாப் என்ற மனநல மருத்துவர் வேறு விதமாகப் பார்த்தார்: ஆஷ்விட்ஸில் எதிர்ப்பு நடந்தது என்ற நம்பமுடியாத உண்மைக்கு அந்தப் பெண் சாட்சி சொல்கிறார் என்றார். இரண்டு பக்கமும் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும். எண்ணிக்கைக்கு ஆவணத்தைப் பார். அந்த நாளில் இருந்தவர் மனத்தில் என்ன ஓடியது என்பதற்கு ஆவணத்தில் விடை கிடையாது. பொய்ச் சாட்சியும் வந்திருக்கிறது. 1995இல் பின்யமின் வில்கோமிர்ஸ்கி என்ற பெயரில் ஒருவர் வெளியிட்ட குழந்தைப் பருவ நினைவுகள் பல மொழிகளில் கொண்டாடப்பட்டன. சில ஆண்டுகளில் அத்தனையும் கட்டுக்கதை என்று வெளிப்பட்டது. இப்படிப்பட்ட ஒரு பொய், 'எல்லாமே பொய்' என்று சொல்லக் காத்திருப்பவர்களுக்கு ஆயுதமாகிறது.

சாட்சி சொல்பவரை நம்புவதா வேண்டாமா என்பது நமக்கும் அந்நியமான கேள்வி இல்லை. 1992 ஜூன் 20 அன்று தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி மலைக்கிராமத்தில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து நடத்திய அக்கிரமத்தை அந்தப் பெண்கள் வாய்விட்டுச் சொன்னபோது, அதிகாரம் மறுத்தது. அவர்கள் விடாமல் சொன்னார்கள். 2011இல் அமர்வு நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த வழக்கு பெரிதும் பிழைத்த பெண்களின் சொல்மேல் நின்றது.

இனி இந்த மலையின் சொந்தச் சாட்சிகளுக்கு வருவோம். கொடைக்கானல் மலையில் 'சிலோன்காரங்க' என்று ஊரார் சொல்லும் குடும்பங்கள் உண்டு. அரசாங்கக் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்'. பாதிப்பேருக்கு இது தாயகமே இல்லை. பிறந்தது ஹட்டனிலோ நுவரெலியாவிலோ, தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1948இல் இலங்கை விடுதலை பெற்ற சில மாதங்களிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் அங்கேயே பிறந்ததற்குக் காகிதம் காட்டு என்றது சட்டம். லயத்தில் பிறந்தவனிடம் காகிதம் ஏது? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். மறு ஆண்டு வாக்குரிமையும் போனது. இதைத் தமிழ் காங்கிரஸ் தலைமை போதிய அளவு எதிர்க்கவில்லை என்று செல்வநாயகம் பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை ஏற்றது; அதே ஆண்டில்தான் இந்த மக்களின் பெயர் குடிமக்கள் பட்டியலிலிருந்து அழிந்தது.

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மனிதர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிவந்த ரயிலுக்கு 'அழுகைக் கோச்சி' என்று பெயர் விழுந்தது. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்திய பாஸ்போர்ட், தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று பிரிந்தவர்கள் பிளாட்பாரத்தில் கட்டிப்பிடித்து அழுத அழுகை அது. கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், கையில் ஒரு குடும்ப அட்டை. தேயிலை கிள்ளத் தெரிந்தவர்களுக்குக் கடை வைக்கக் கடன் கொடுத்தார்கள். கடன் கரைந்ததும், பழகிய குளிரைத் தேடி மலையேறினார்கள். கொடைக்கானல் காடுகளில் வாட்டில் பட்டை உரிக்கவும் கூழ்மரம் வெட்டவும் ஒப்பந்தக்காரர்கள் முன்பணம் கொடுத்து அழைத்துப்போனார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆனாலும் 1980களில் இதே மலையில் இந்த மக்கள் முன்பணத்துக்குக் கட்டுப்பட்ட கொத்தடிமைகளாகக் கிடந்தது வெளிச்சத்துக்கு வந்தது.

இதை நான் இனப்படுகொலை என்று சொல்ல வரவில்லை. குடியுரிமை பறிப்பதும் விஷவாயு அறைக்கு அனுப்புவதும் ஒன்றாகா. அவற்றைச் சமப்படுத்துவது இரண்டு சாட்சிகளுக்கும் செய்யும் துரோகம். ஆனால் சட்டம் ஒருவரை 'நீ இந்த ஊர்க்காரன் இல்லை' என்று சொல்லும்போது உள்ளே என்ன நொறுங்குகிறது என்று அறிய மேல்மலைப் பிள்ளைகள் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். அவரைக் கேட்ட பிள்ளைக்கு 1935இன் நியூரம்பெர்க் சட்டம் வெறும் தேதியாக இருக்காது.

பட்டியலிலிருந்து பெயர் அழிவது ஓர் ஆபத்து என்றால், பட்டியலில் பெயர் இருப்பதும் ஆபத்தாகலாம். 1983 ஜூலையில் கொழும்பில் வெறிக்கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தன. நெதர்லாந்தில் நாஜிகளுக்கு உதவியதும் ஒழுங்காக எழுதிவைத்த குடிமக்கள் பதிவேடுதான். அதை அழிப்பதற்காகவே 1943 மார்ச் 27 அன்று ஆம்ஸ்டர்டாமில் எதிர்ப்பியக்கத்தார் பதிவு அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள்.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. போரின் கடைசிக் கட்டத்தில் 40,000 பேர்வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் சொன்னது. அரச படைகளின் குண்டுவீச்சைச் சொன்ன அதே அறிக்கை, புலிகள் மக்களைக் கேடயமாக நிறுத்தியதையும் தப்பியோடியவர்களைச் சுட்டதையும் சொன்னது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2021 மே மாதம் ஒரு சட்டம் இயற்றியது: ஆண்டுதோறும் மே 18இல் முடியும் ஏழு நாள், தமிழ் இனப்படுகொலைக் கல்வி வாரம். அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். நடந்தது இனப்படுகொலையா என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவில்லை. இப்படியொரு சட்டம் இயற்ற மாகாணத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. 2025 மார்ச்சில் கனடா உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்துவிட்டது. இனப்படுகொலை என்பதை இலங்கை அரசு இன்றுவரை மறுக்கிறது.

அதே ஒன்டாரியோவில் 2023 முதல் ஆறாம் வகுப்பிலேயே யூதப் படுகொலை பாடம் கட்டாயம். டொரன்டோவில் வாழும் பிங்கஸ் குட்டர் போலந்தின் லோட்ஸ் நகரத்தில் 1932இல் பிறந்தவர். மைதானெக் முகாமில் பெற்றோரையும் இரட்டைச் சகோதரி சபீனாவையும் இழந்தார். சபீனாவின் முகம் அவர் நினைவில் இல்லை. பொன்னிறச் சடை ஒன்றுதான் நினைவிருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்களைப் பதிந்து, திரையில் இருக்கும் அவரிடம் பிள்ளைகள் கேட்டால் பதில் வருகிற மாதிரி ஷோவா அறக்கட்டளை செய்துவைத்திருக்கிறது. அவர் காலத்துக்குப் பிறகும் பிள்ளைகள் கேட்பார்கள்.

நம் சாட்சியத்தை உலகம் கேட்கவேண்டும் என்கிறோம், நியாயம். நமக்கு எதிரான சாட்சியத்தை நாம் கேட்கிறோமா? 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரக் கெடு கொடுத்துப் புலிகள் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதும் சுமார் 75,000 பேர் ஊரிழந்தார்கள். தமிழ் பேசியவர்கள், தமிழில் பாடம் நடத்தியவர்கள். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதியரையும் சுட்டது நம் இந்திய அமைதிப்படை. அந்த ஆஸ்பத்திரிப் படுகொலையை வாக்குமூலங்களோடு எழுதிய 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜெர்மன் பள்ளிகள் தம் பாட்டன்மார் செய்ததைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கின்றன. இனப்படுகொலைக் கல்வியின் உரைகல் அதுதான் என்பது என் தீர்ப்பு: நம்மால் பாதிக்கப்பட்டவர் பேசும் ஒரு பக்கமாவது நம் பாடத்தில் இருக்கவேண்டும். அது இல்லாத பாடம் இன்னொரு மேடைப் பேச்சாகத்தான் முடியும்.

மேல்மலைப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தெரிந்த சிலோன் குடும்பங்களுக்கு அழைத்துப் போங்கள். அவர்கள் சம்மதம் கேட்டபிறகு பேச்சைத் தொடங்குங்கள். போடர் கேட்ட மாதிரியே எளிமையாகக் கேட்கட்டும்: எந்தத் தோட்டம், எந்த லயம், கப்பலேறிய நாளில் என்ன எடுத்து வந்தீர்கள்? அவர்கள் நிறுத்தினால் நிறுத்திவிட வேண்டும். புண்ணைக் கிளறக் கூடாது. நாடகமாக நடித்துக் காட்டுவது வேண்டாம், ஜெருசலேமின் யாத் வஷேம் நினைவகமும் அதைத்தான் எச்சரிக்கிறது. குடும்ப அட்டை, பாஸ்போர்ட், பழைய போட்டோ இருந்தால் படமெடுத்துப் பேச்சோடு சேர்த்து வையுங்கள். பெயர் போடச் சம்மதித்தால் மட்டும் பெயர். ஒரு பிரதி பள்ளியில், ஒரு பிரதி அவர்கள் வீட்டில். 1964 ஒப்பந்தத்தின்போது 20 வயதாக இருந்தவர்களுக்கு இன்று 80 கடந்துவிட்டது. முழுஆண்டுத் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த மாதமே போங்கள்.

(தொடரும்)